வயசான பூனைக்குப் பல் ஆபரேஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பூனை அம்மிணிக்கு நாள்பட்ட வாய் அழற்சி, அதாவது வாய்க்குள் சதை ஆறாமல் சிவந்து புடைக்கிற நோய். அதற்காக 13 வயதில் பல் பிடுங்கினோம். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. பெருந்துறைப் பக்கம் பூனைக்குப் பல் ஆபரேஷன் என்றால் இன்னமும் சிரிப்பவர்கள் உண்டு. சிரித்தவர்களில் சிலரே அப்புறம் போன் போட்டு, "ஏனுங்க்கா, எங்க பூனையும் சோத்தைக் கண்டா ஓடுதுங்க" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. எந்த மருந்துக்கும் அளவு சொல்லப்போவதில்லை. உங்கள் பூனையின் எடையையும் சிறுநீரகத்தையும் பார்த்து டாக்டர் சொல்ல வேண்டியது அது.

வாய் வலிக்கிறது என்று எப்படித் தெரியும்? எங்கள் பூனை கத்தவே இல்லையே.

கத்தாது. மடி வலித்தால் மாடு உதைக்கும், நாய் முனகும். பூனை கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதனால் சத்தத்துக்குக் காத்திருக்காமல் அது சாப்பிடும் விதத்தைப் பாருங்கள்.

அம்மிணி செய்தது இதுதான். நெத்திலி வேகிற வாசத்துக்கே ஓடி வருவாள். தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மோந்து பார்ப்பாள். ஒன்றைக் கவ்வுவாள். கவ்விய உடனே தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, முன்காலால் வாயோரத்தை இரண்டு தட்டுத் தட்டி, மீனைக் கீழே போட்டுவிட்டுத் தட்டைப் பார்த்துச் சீறுவாள். அப்புறம் ஒரே ஓட்டம். பசி இருந்தது, வாய்தான் விடவில்லை. நானோ, வயசாச்சு, பிகு பண்ணுகிறாள் என்று நினைத்து நெத்திலிக்குப் பதில் மத்தி, மத்திக்குப் பதில் கோழி என்று மூன்று மாதம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

வேறு அடையாளங்களும் உண்டு. ஒரு பக்கமாகவே மெல்லும். கெட்டியானதை விட்டுவிட்டுக் குழம்பை மட்டும் நக்கும். வாயோரம் எச்சில் வழியும், சில நாள் அதில் இரத்தக் கோடு தெரியும். எச்சில் காய்ந்து முன்கால் முடி பழுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் வந்தாலே குப்பென்று நாற்றம் அடிக்கும். நாக்கு வலிப்பதால் உடம்பை நக்கிக்கொள்வதை நிறுத்திவிடும், முதுகு முடி திரிதிரியாகிவிடும்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் மாட்டின் உதட்டைத் தூக்கி, ரெண்டு பல்லு, நாலு பல்லு, கடை சேர்ந்தது என்று வயசு பார்த்த பிறகுதான் விலையே பேசுவார்கள். அந்த ஊர்ப் பக்கம் பிறந்த நான் என் பூனையின் உதட்டைப் பத்து வருஷமாக ஒரு தடவைகூடத் தூக்கிப் பார்த்ததில்லை.

ஈறு கொஞ்சம் சிவந்திருக்கிறது. அதுவும் வாய் அழற்சியும் ஒன்றா?

இல்லை. பல்லைச் சுற்றி ஈறின் ஓரம் மட்டும் சிவந்திருந்தால் அது ஈறு வீக்கம். டாக்டர் மயக்கம் கொடுத்துப் பல்லைச் சுத்தம் செய்து, நீங்களும் தினமும் பல் தேய்த்துவிட்டால் பெரும்பாலும் அடங்கும். நாள்பட்ட வாய் அழற்சி அந்த ஓரத்தோடு நிற்காது. மேல்தாடையும் கீழ்த்தாடையும் சேருகிற இடத்தில், தொண்டைக்கு முன்னால் இரண்டு பக்கமும், தோலுரித்த சதை மாதிரி செக்கச் செவேலென்று புடைத்திருக்கும். தொட்டாலே இரத்தம் வரும்.

காரணம் முழுதாகப் பிடிபடவில்லை. ஆனால் நடப்பது ஓரளவு தெரியும். பல்லின் மேல் படிகிற அழுக்குப் படலத்தில் கிருமிகள் இருக்கும். எல்லாப் பூனைக்கும் இருப்பதுதான். சில பூனைகளின் எதிர்ப்புச் சக்தி அதைப் பார்த்து அளவுக்கு மீறிக் கொந்தளித்துவிடுகிறது. கலிசி வைரஸ் என்று ஒன்று, சளி, தும்மல், நாக்குப் புண் கொடுப்பது, இந்தப் பூனைகளின் வாயில் அடிக்கடி காணப்படுகிறது. பல பூனைகள் சேர்ந்து வாழும் வீடுகளில் நோயும் கூடுதல்.

வயசான பூனைக்கு இன்னொரு தொல்லையும் சகஜம், பல் கரைவது. மனிதர்களுக்கு வரும் சொத்தை இல்லை இது. பல்லை உடம்பே அரித்துத் தின்றுவிடும். வெளியே ஈறோரம் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளிதான் தெரியும், உள்ளே நரம்பு திறந்து கிடக்கும். அம்மிணிக்கு இரண்டுமே இருந்தன.

ஒரே பக்கம் மட்டும் வீங்கினாலோ, நாக்குக்கடியில் கட்டி மாதிரி இருந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். வயசான பூனைகளுக்கு வாய்ப் புற்றுநோய் வருவதுண்டு. சதையைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினால்தான் தெரியும்.

ஊசி போட்டால் நன்றாகத்தானே சாப்பிடுகிறது? எதற்குப் பல்லைப் பிடுங்க வேண்டும்?

நானும் இதையேதான் கேட்டேன். ஒரு வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

முதலில் பார்த்த இடத்தில் ஒரு ஸ்டீராய்டு ஊசியும் பத்து நாள் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே அம்மிணி தட்டை வழித்து நக்கினாள். கும்பிடாத குறை. ஆறு வாரம் கழித்து மறுபடி அதே சீறல். மறுபடி ஊசி. அடுத்தது ஐந்து வாரம் தாங்கியது, அப்புறம் மூன்று. 4 கிலோ 100 கிராம் இருந்தவள் ஒரு வருஷத்தில் 3 கிலோ 200 கிராம் ஆனாள்.

ஸ்டீராய்டு கொந்தளிப்பை அமுக்கி வைக்கும், கொந்தளிப்புக்குக் காரணமான படலம் பல்லின் மேலேயே இருக்கும். வாரக்கணக்கில் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசியை அடிக்கடி போட்டால் பூனைக்குச் சர்க்கரை நோய் வரும் ஆபத்தும் உண்டு. பல்லை எடுத்துவிட்டால் படலம் ஒட்டிக்கொள்ள இடமில்லை. பிடுங்குவதன் கணக்கு அவ்வளவுதான். பல்லில் ஓட்டையே இல்லாவிட்டாலும் பிடுங்கச் சொல்கிறார்களே என்று சிலர் டாக்டரைச் சந்தேகப்படுகிறார்கள். இந்த நோய்க்கு அது சரியான யோசனைதான். எத்தனை வருஷம் அமுக்கி வைத்துப் பிறகு பிடுங்குகிறோமோ அந்த அளவுக்குப் பூனையின் உடம்பில் தெம்பும் குறைந்திருக்கும். அந்த ஒரு வருஷத்துக்கு இன்னும் வருத்தப்படுகிறேன்.

இந்த வயசில் மயக்க மருந்து தாங்குமா?

போன் போடுகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் கேட்பது இதுதான். பயம் நியாயமானது. 13 வயதுப் பூனை என்றால் மனுசக் கணக்கில் 68. ஆனால் ஆபத்தை வயசு முடிவு செய்வதில்லை, உள்ளே எந்த உறுப்பு எப்படி இருக்கிறது என்பதே முடிவு செய்யும். அதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது.

முதலில் இரத்தம்: அணுக்கள், சர்க்கரை, ஈரல், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகளான யூரியா, கிரியாட்டினின். சிறுநீரையும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் பெருமளவு பழுதான பிறகுதான் கிரியாட்டினின் ஏறும், அதற்கு முன்பே சிறுநீரின் அடர்த்தி குறைந்து காட்டிக்கொடுத்துவிடும். வயசான பூனைக்குத் தைராய்டு, இரத்த அழுத்தம் இரண்டும் பார்ப்பது நல்லது. இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்டால் ஸ்கேன். பூனை எய்ட்ஸ் என்று சொல்லப்படும் வைரஸுக்கும் பூனை இரத்தப்புற்று வைரஸுக்கும் சேர்த்து ஒரு சோதனை உண்டு, அதுவும் வேண்டும். பேரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், அந்த எய்ட்ஸ் மனிதர்களுக்கு ஒட்டாது.

அம்மிணிக்குச் சிறுநீரகம் லேசாகப் பழுது என்று தெரிந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்வார்கள் என நினைத்தேன். டாக்டரம்மா சொன்னது வேறு: "முன்னாலயே தெரிஞ்சது நல்லதுங்க. ட்ரிப்ஸை முன்கூட்டியே போட்டுக்கலாம், வலி மருந்தை மாத்திக்கலாம்." அதுதான் நடந்தது.

டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

பல் எக்ஸ்ரே இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். உடம்புக்கு எடுக்கும் பெரிய எக்ஸ்ரே இல்லை, வாய்க்குள் வைத்து எடுக்கும் சின்னது.

நாங்கள் முதல் தடவை இதைக் கேட்கவில்லை. எக்ஸ்ரே இல்லாத இடத்தில் பிடுங்கினார்கள். பூனையின் பல் வேர் நெல் முனை மாதிரி இருக்கும், கரைந்த பல் என்றால் அழுத்தினாலே ஒடியும். மேலே உள்ளது வந்துவிட்டது, வேர் உள்ளேயே நின்றுவிட்டது. வலப்பக்கம் ஆறியது, இடப்பக்கம் சிவப்பு அப்படியே இருந்தது. எட்டு மாதம் கழித்து இன்னொரு இடத்தில் எக்ஸ்ரே எடுத்தபோது தாடைக்குள் மூன்று வேர்த் துண்டுகள் வெள்ளையாகத் தெரிந்தன. மறுபடி மயக்கம், மறுபடி தையல். வேர்த்துண்டு உள்ளே இருக்கும்வரை இந்த நோய் அடங்குவது கஷ்டம். பிடுங்கி முடித்த பிறகும் ஒரு எக்ஸ்ரே எடுத்து, எதுவும் மிச்சமில்லை என்று உங்களிடம் காட்டச் சொல்லுங்கள்.

மூச்சுக்குழாயில் டியூப் வைப்பார்களா என்பது அடுத்த கேள்வி. பல் வேலையில் தண்ணீரும் இரத்தமும் தொண்டைக்குள் இறங்கும், டியூப் இல்லாமல் செய்யக்கூடாது. டாக்டர் பல்லைப் பார்க்கும்போது மயக்கத்தைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஓர் ஆள் இருப்பாரா? உடம்புச் சூடு இறங்காமல் என்ன செய்வார்கள்? தாடையை மரத்துப்போக வைக்கும் ஊசி போடுவார்களா? அது போட்டால் மயக்க மருந்தும் குறைவாகப் போதும், விழிக்கும்போது வலியும் குறைவு.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. வாயை விரித்துப் பிடிக்க ஸ்பிரிங் கருவி ஒன்று உண்டு. பூனையின் கண்ணுக்கும் மூளைக்கும் இரத்தம் போகிற குழாய் கீழ்த்தாடை எலும்பின் பின்பக்கத்தை ஒட்டிப் போகிறது. வாயை ரொம்ப நேரம் அகல விரித்தால் அது நசுங்கிப் பார்வையே போய்விடக்கூடும். கருவியைப் பற்றிக் கேட்டால் நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எங்கே போவது என்றால், நம் பக்கத்துக் கால்நடை மருந்தகங்களில் மாடு, ஆடு பார்த்துக் கைதேர்ந்தவர்கள் நிறைய. பூனைப் பல் வேறு வேலை. கோயம்புத்தூரில் நாய், பூனைக்கென்றே தனியார் மருத்துவமனைகள் இருக்கின்றன. 1985-இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. உடுமலைப்பேட்டையிலும் இப்போது கல்லூரி வந்துவிட்டது. எங்கே போனாலும் முதலில் போன் போட்டு, பூனைக்குப் பல் எடுப்பீர்களா, பல் எக்ஸ்ரே உண்டா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கூடையோடு பஸ் ஏறி அலைய வேண்டாம்.

எல்லாப் பல்லையுமா?

பூனைக்கு மொத்தம் 30 பல்: மேலே 16, கீழே 14. பெரும்பாலும் கோரைப்பல்லுக்குப் பின்னால் இருக்கிற கடைவாய்ப் பற்கள் அத்தனையும் போகும். கோரைப்பல்லும் முன்பற்களும் அவற்றைச் சுற்றி அழற்சி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அம்மிணிக்கு முதல் தடவை கடைவாய்ப் பற்கள், இரண்டாம் தடவை மிச்சமும். நிறையப் பல் என்றால், உடம்பு தாங்காது என நினைத்து டாக்டரே இரண்டு நாளாகப் பிரிக்கலாம்.

செலவு?

இடத்துக்கு இடம் மாறும். மொத்தமாகக் கேட்காமல் இரத்தச் சோதனை, மயக்கம், எக்ஸ்ரே, பிடுங்குவது, வீட்டு மருந்து என்று பிரித்துக் கேளுங்கள். எக்ஸ்ரேயைக் கழித்துவிட்டுக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். நாங்கள் மிச்சம் பிடித்தது இரண்டாம் ஆபரேஷனில் போய்விட்டது.

முந்தைய நாள் என்ன செய்வது?

எத்தனை மணியோடு சாப்பாட்டை நிறுத்துவது என்று டாக்டர் சொல்வார். தண்ணீரை அவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள், சிறுநீரகம் பழுதான பூனைக்குத் தாகம் நல்லதல்ல. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிற பூனை என்றால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூடையை ஒரு வாரம் முன்பே வாசலில் திறந்து வைத்து, உள்ளே பழைய துணி போட்டு வையுங்கள். அன்றைக்குத்தான் அட்டாலியிலிருந்து இறக்கினால் பூனை உங்களுக்கு முன்னால் ஓட்டின் மேல் இருக்கும். ரொம்பப் பயப்படுகிற பூனைக்குக் கிளம்பும் முன் கொடுக்கக் கபாபென்டின் மாதிரி மாத்திரை எழுதித் தருவார்கள். சித்திரை, வைகாசி என்றால் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேருங்கள். நிறுத்திய காரில் ஐந்து நிமிஷம்கூடக் கூடையை விட்டுவிட்டு டீ குடிக்கப் போக வேண்டாம்.

வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி எப்படி இருக்கும்?

பயமாக இருக்கும், தயாராக இருங்கள். கண்மணி விரிந்து கருப்பாகத் தெரியும். நடந்தால் தள்ளாடும். எச்சிலில் இளஞ்சிவப்பாக இரத்தம் கலந்து வரும், ஒன்றிரண்டு நாள் அப்படித்தான். ஒரு சின்ன அறையில், தரையிலேயே, பவானி ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டுப் படுக்க வைத்தோம். கட்டில், பீரோ, ஜன்னல் திட்டு எதிலும் ஏற விடாதீர்கள். அது வெளிக்குப் போகிற மண் தட்டு பக்கத்திலேயே இருக்கட்டும். மற்ற பூனைகளை வெளியே விட்டுக் கதவைச் சாத்துங்கள். ஆஸ்பத்திரி வாசத்தோடு வருகிற பூனையை அதன் சொந்தப் பிள்ளையே அடையாளம் தெரியாமல் சீறும்.

வாய் துடைக்கத் திருப்பூர்க்காரர்கள் மெஷின் துடைக்கிற பனியன் துணி வேஸ்ட்டுக்கு இணையே இல்லை. எண்ணெய் படாத புதுசாக வாங்கிக் கொதிநீரில் அலசிக் காயவைத்துக்கொண்டேன். மெத்தென்று இருக்கும், நூல் பிரிந்து தையலில் மாட்டாது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து தாடையை மட்டும் ஒற்றி எடுங்கள். வாய்க்குள் கையை விடாதீர்கள். தையல் தானாகக் கரையும், சில வாரம் ஆகும்.

சாப்பிடவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

இதில்தான் பூனையைக் காப்பாற்றுவதும் விடுவதும் இருக்கிறது. பூனை இரண்டு மூன்று நாள் வயிறு காய்ந்தால் உடம்புக் கொழுப்பு கரைந்து ஈரலில் படிய ஆரம்பிக்கும், குண்டுப் பூனைக்கு இன்னும் சீக்கிரம். அது உயிருக்கே உலை. நாளைக்குச் சாப்பிடும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு நாள் முழுக்க எதுவும் இறங்கவில்லை என்றால் டாக்டருக்குப் போன் போடுங்கள்.

முதலில் வலி அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வலி மருந்தைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் விட்டு அப்புறம் தட்டை வையுங்கள். உணவு கூழ் மாதிரி இருக்க வேண்டும், உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். பூனைக்கு மூக்கால்தான் பசிக்கும். குளிர்ந்த உணவுக்கு வாசமில்லை. நான் தோலும் எலும்பும் இல்லாத கோழிச் சதையை வெறும் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரோடே மிக்ஸியில் மையாக அரைத்தேன். உப்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பட்ட குழம்பு கூடவே கூடாது. அவை பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரண்டு ஸ்பூன், தட்டையான சாசரில். குழிக் கிண்ணத்தில் வைத்தால் மீசையும் வாயோரமும் இடிக்கும். அம்மிணி முதல் நாள் தட்டைப் பார்த்ததும் பழைய நினைப்பில் சீறினாள். என் விரலில் ஒரு துளி எடுத்து மூக்கு நுனியில் தடவினேன். நக்கினாள். வலிக்கவில்லை என்று நம்புவதற்கு அவளுக்கு அரை நிமிஷம் ஆனது. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அப்புறம் தலையைக் குனிந்தாள்.

கோழி மட்டும் மாதக்கணக்கில் போதாது, சத்து முழுமையான பூனை உணவையும் கலந்து கொடுங்கள். 3 கிலோப் பூனைக்கு நாளுக்கு ஏறத்தாழ 180 முதல் 200 கலோரி வேண்டும். பாக்கெட்டின் பின்னால் எவ்வளவு என்று போட்டிருக்கும், கூட்டிப் பாருங்கள். ஒரு பாக்கெட்டில் முடிகிற விஷயம் இல்லை.

வாயைப் பிளந்து ஊட்டாதீர்கள். வலியோடு ஊட்டிய உணவைப் பூனை ஜென்மத்துக்கும் வெறுத்துவிடும். பசியைத் தூண்ட மிர்டாசபின் என்று மருந்து இருக்கிறது. அதற்கும் மசியவில்லை என்றால் கழுத்தின் பக்கவாட்டில் உணவுக்குழாய்க்குள் டியூப் வைப்பார்கள். பார்க்கத்தான் கொடுமை. வாயைத் தொடாமல் உணவு, தண்ணீர், மருந்து எல்லாம் போய்விடும், பூனை அதைச் சட்டை செய்வதில்லை.

பால் ஊற்றினால் போதாதா? எங்கள் வீட்டில் கவிச்சி புழங்காது.

பால் போதாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிறு போகும், ஆபரேஷன் ஆன உடம்பில் நீர் வற்றும். பூனை உடம்புக்கு மாமிசத்தில் கிடைக்கும் டாரின் என்ற சத்து கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் கண்ணும் இதயமும் கெடும். அரிசியும்பருப்பும் சாதத்தில் நெய் விட்டுப் பிசைந்து வைத்தாலும் அது வராது. வீட்டில் சமைக்க மனசில்லை என்றால் கடையில் விற்கும் கிரேவி பாக்கெட்டை வாசலில் வைத்துக் கொடுங்கள், அடுப்பு தீட்டாகாது. எங்கள் ஆத்தா இதற்கு ஒத்துக்கொண்டது பெரிய கதை.

டோலோவில் கால் மாத்திரை கொடுக்கலாமா? கிராம்புத் தைலம்?

கொடுக்காதீர்கள். டோலோ, கால்பால், குரோசின் எல்லாம் பாராசிட்டமால்தான். அதை முறித்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் சரியாக இல்லை. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய், ஈறு சாக்லேட் நிறமாகி, முகம் வீங்கிச் செத்துப்போகும். அதற்கு ஒரு முழு மாத்திரைகூட வேண்டியதில்லை. இபுபுரூஃபனும் விஷம். கிராம்புத் தைலத்தில் உள்ள யூஜெனாலையும் பூனை ஈரல் தாங்காது.

நம் ஊரில் இன்னொரு ஆபத்து, மாட்டுக்கு வாங்கி வைத்த மெலாக்சிகாம் என்ற வலி மருந்து தொழுவத்து மாடத்தில் இருக்கும். பூனைக்கும் டாக்டர்கள் அதே மருந்தை எழுதுவதுண்டு. ஆனால் துளிக்கணக்கில், சிறுநீரகம் பார்த்து. மாட்டு மருந்திலிருந்து நீங்களே அளந்தால் சிறுநீரகம் போய்விடும்.

மருந்தை எப்படித்தான் உள்ளே தள்ளுவது?

குளியல் துண்டில் தலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி சுருட்டுங்கள், முன்கால் இரண்டும் உள்ளே. பின்னாலிருந்து பிடியுங்கள். ஊசியில்லாத சிரிஞ்சைக் கன்னத்துக்கும் தாடைக்கும் நடுவில் நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தலையை அண்ணாத்தினால் புரையேறும். முடிந்தால் எல்லாவற்றையும் சிரப்பாகவே கேளுங்கள். மாத்திரைதான் என்றால் பின்னாலேயே ஐந்து மில்லி தண்ணீர். டாக்ஸிசைக்ளின் மாதிரி மாத்திரைகள் பூனையின் உணவுக்குழாயில் ஒட்டி நின்று புண்ணாக்கிக் குழாயையே சுருக்கிவிடும்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

இரத்தம் சொட்டுச் சொட்டாக நிற்காமல் வந்தால். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால். ஈறு வெளுத்தால். முகம் ஒரு பக்கம் வீங்கினால். சுவரில் முட்டிக்கொண்டு கண் தெரியாத மாதிரி நடந்தால். நாள் முழுக்கச் சிறுநீர் போகவில்லை என்றால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால். இதில் எது நடந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

பல்லெல்லாம் போயும் சிவப்பு இருந்தால்?

இருக்கலாம். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பூனைக்கு முழுதாகவோ பெரும்பகுதியோ சரியாகிறது. மிச்சத்துக்கு அவ்வளவாகப் பலன் இல்லை. சரியாகிற பூனைக்கும் மறுநாளே ஆகிவிடாது, மாதக்கணக்கு ஆகும், அதுவரை மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அதனால் மூன்றாம் வாரத்தில் மனசு விட வேண்டாம்.

அப்படியும் அடங்காவிட்டால் வேர்த்துண்டு நிற்கிறதா என்று எக்ஸ்ரே. இல்லையென்றால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின், குறைந்த அளவு பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, இன்டர்ஃபெரான் என்று மருந்து வழிகள் உண்டு. ஸ்டீராய்டை நீங்களாகத் திடீரென நிறுத்தக்கூடாது.

அளந்து பார்க்க எடைதான் நல்ல சாட்சி. வாரம் ஒரு நாள், துணிப்பையில் பூனையை உட்கார வைத்து மளிகைக்கடைத் தராசில் தொங்க விடுவேன். கடைக்காரத் தம்பி, "அம்மிணி இன்னிக்கு என்ன ரேட்டுங்க்கா?" என்பான். ஆறு மாதத்தில் 3 கிலோ 200-லிருந்து 3 கிலோ 800.

மற்ற பூனைகளுக்குத் தொற்றுமா?

அழற்சி தொற்றாது. அதோடு சேர்ந்து வரும் கலிசி வைரஸ் தட்டு, எச்சில் வழியாகப் பரவும். தட்டைத் தனியாக வைத்து, மற்றவற்றுக்குத் தடுப்பூசி போட்டு, வாயைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

வயசான ஜீவனுக்கு இவ்வளவும் தேவையா?

"பூனைக்குப் பல்லாசுபத்திரியா, சாமி?" என்று ஆத்தா கேட்டார். கிண்டலாக இல்லை, நிஜமாகவே. அவர் காலத்தில் பூனை மச்சில் எலி பிடிக்கும், வயசானால் எங்கோ போய்ப் படுத்துக்கொள்ளும், ஒரு நாள் வராது. அவ்வளவுதான். ஆத்தாவுக்கே எட்டு வருஷம் முன்பு பல்லெல்லாம் எடுத்துச் செட்டு கட்டினோம், அப்போது அவருக்கு 71. அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுவும் சரிதான், அந்த வலி இருக்கே" என்றார்.

எல்லாப் பூனைக்கும் ஆபரேஷன்தான் என்று சொல்லமாட்டேன். சிறுநீரகம் முற்றிலும் போயிருந்தால், புற்று பரவியிருந்தால், டாக்டரே வேண்டாம் என்பார். அப்போது வலியைக் குறைக்கும் மருந்தோடு இருப்பதும், அதுவும் கைகொடுக்காதபோது நிம்மதியாகப் போக விடுவதும் பாவமில்லை. ஆனால் சோதனையே செய்யாமல், வயசாச்சு என்று மட்டும் சொல்லி விடுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. வயிறு பசித்து வாய் மறுக்கிற வேதனையை ஒரு வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

பல்லில்லாத பூனை பல்லி பிடிக்குமா?

பிடிக்கும். பூனை உணவை அவ்வளவாக மெல்லுவதில்லை, துண்டாக்கி விழுங்குகிற ஜாதி. வாய் ஆறியபின் பல பூனைகள் உலர் தீனியைக்கூட அப்படியே விழுங்கிக்கொள்ளும். கோரைப்பல் போனதால் அம்மிணிக்கு நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்க்கிறது, அதில் ஒரு குறையும் இல்லை. சைக்ளோஸ்போரின் சாப்பிடுகிற பூனையை மட்டும் வேட்டைக்கு விடாதீர்கள், பச்சை இறைச்சியும் வேண்டாம். அந்த மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால் டாக்ஸோபிளாஸ்மா கிருமி தலைதூக்கும்.

எங்கள் வீட்டில் போன வாரம் திண்ணைச் சுவரில் ஒரு பல்லியை ஒரே தாவில் கவ்வினாள். அரை நிமிஷம் வாயில் வைத்திருந்தாள். பல்லி வழுக்கிக்கொண்டு ஓடிவிட்டது, வால்கூட அறவில்லை.